ஒரே வெண்மை, இருவேறு பூச்சிகள்: சேலம் வட்டார மரவள்ளியில் மாவுப்பூச்சி

சேலம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று அழைக்கப்படும் மரவள்ளி, 12 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை மாவுப்பூச்சியிடம் சிக்கியது. முதல் முறை 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பூச்சி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேற்கு மாவட்டங்கள் முழுவதும் பரவியது. இரண்டாவது முறை 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்ட பூச்சி, அதே ஆண்டிலேயே சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டத் தோட்டங்களிலும் காணப்பட்டது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: கொழுந்தில் வெள்ளைப் பொடி, சுருண்ட இலை, அதன்மேல் ஏறி இறங்கும் எறும்புச் சாரை. உண்மையில் அவை வெவ்வேறு இனங்கள். முதல் பூச்சியை அடக்கிய குளவி இரண்டாவது பூச்சியைச் சீண்டுவதே இல்லை. பூச்சிக்குச் சரியான பெயர் வைப்பது, நடவுக்குரிய கரணை எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பது ஆகிய இரண்டு வேலைகளும், அடித்த மருந்துகள் அனைத்தையும் விட இந்த விவகாரத்தின் போக்கைத் தீர்மானித்தன என்பதே இந்த ஆய்வின் கருத்து.

பயிரும் கரணையும்

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளியை, திருவிதாங்கூரில் மக்கள் உணவாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. கேரளத்தில் அது அவித்து உண்ணும் கிழங்காக நிலைத்தது. சேலத்தில் அதன் பாதை வேறாக அமைந்தது. இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது தடைப்பட, அந்த இடத்தை நிரப்பச் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. 1981இல் ஆலைகளுக்கான கூட்டுறவு விற்பனைச் சங்கமாகச் சேகோசர்வ் உருவானது. இன்று இந்த வட்டாரத்துக் கிழங்கில் பெரும்பகுதி நேராகச் சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைக்குத்தான் போகிறது. பாயசத்துக்குரிய ஜவ்வரிசியும் நெசவு நூலுக்குக் கஞ்சி போடும் ஸ்டார்ச்சும் ஒரே கிழங்கிலிருந்தே வருகின்றன.

ஆலையில் கிழங்குக்கு எடை மட்டும் பார்ப்பதில்லை, பாயிண்டும் பார்க்கிறார்கள். பாயிண்ட் என்பது கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசி, அதைக் கொண்டே டன்னுக்கு விலை போடுவது இங்குள்ள வழக்கம். ஆகவே கிழங்கு பருமனாகத் தெரிந்தாலும் பாயிண்ட் குறைந்தால் விவசாயிக்குப் பணம் குறைகிறது. மாவுப்பூச்சியின் சேதம் எந்த வழியாகப் பணமாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த விலைமுறை அவசியம்.

மரவள்ளியை விதை போட்டு யாரும் பயிரிடுவதில்லை. முதிர்ந்த தண்டை 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, கணு மேல்நோக்கியிருக்குமாறு நட்டால் அதுவே செடி. நறுக்கிய துண்டுதான் கரணை. அதில் 8 முதல் 10 கணுக்களாவது இருக்க வேண்டும். நட்ட பிறகு முதல் இரண்டு மூன்று மாதங்களில் செடி இலையையும் வேரையும் அமைத்துக்கொள்கிறது. அதன் பிறகே வேர்களில் சில பருத்துக் கிழங்காகின்றன. ஒன்பது பத்து மாதங்களில் கிழங்கைப் பிடுங்கும்போது தண்டும் மிஞ்சுகிறது. அந்தத் தண்டைக் கட்டுக்கட்டாக நிழலில் நிறுத்தி வைத்து அடுத்த நடவுக்குப் பயன்படுத்துவார்கள், அல்லது வேண்டியவருக்குக் கொடுப்பார்கள். ஒரு செடியிலிருந்து ஏறத்தாழ பத்துக் கரணைகள்தான் கிடைக்கும். நெல்லில் ஒரு மணி நூறாகப் பெருகுவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. புதிய ரகமோ நல்ல கரணையோ தேவைப்படுபவர் மாவட்டம் கடந்து, சில நேரம் மாநிலம் கடந்து லாரியில் ஏற்றி வர வேண்டியிருப்பது இதனால்தான். நெல், பருத்தி விதைகளுக்கு இருப்பது போன்ற சான்றுச்சீட்டு இந்தக் கட்டுகளுக்கு நடைமுறையில் இருப்பதில்லை. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்கும் இதே கரணைதான் காரணம். கணுவின் இடுக்கில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு மாவுப்பூச்சியை, அவிழ்க்காத கட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை.

முதல் வருகை

2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் கண்டறியப்பட்ட பூச்சி, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்னும் பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். அறிவியலில் அதற்குப் பெயர் வைக்கப்பட்டதே 1992இல்தான். பிறந்த மண்ணில் அது யாருக்கும் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. அங்கே அதை உண்டு வாழும் குளவிகள் இருந்ததே காரணம். இங்கு வந்த பூச்சிக்கு அந்தக் குளவிகள் துணை வரவில்லை.

இந்தப் பூச்சி ஒரு பயிரோடு நிற்பதில்லை என்பதே அன்றைய பெருஞ்சிக்கல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, காட்டாமணக்கு, வேலியோரச் செம்பருத்தி, தரிசில் நிற்கும் பார்த்தீனியம் என்று அறுபதுக்கும் மேற்பட்ட செடிகளில் அது குடியேறியது. ஒருவர் தன் தோட்டத்தில் மருந்தடித்து முடிக்கும்போது, பக்கத்துத் தரிசின் பார்த்தீனியத்திலிருந்து அடுத்த படை காற்றில் வந்துகொண்டிருந்தது. பப்பாளித் தோட்டங்களை வெட்டி அழித்தவர்களும் உண்டு. மல்பெரி இலையை நம்பியிருந்த பட்டுப்புழு வளர்ப்போர் இலைக்குத் தவித்தனர்.

மருந்து ஏன் பயன்படவில்லை என்பதற்கான விடை பூச்சியின் உடலிலேயே இருக்கிறது. வெண்பொடியாகத் தோன்றுவது மெழுகு. நீரில் கலந்த மருந்து அதன்மேல் ஒட்டாமல் உருண்டோடுகிறது. முட்டைகள் பஞ்சு போன்ற பைக்குள் இருக்கின்றன. குஞ்சுகள் சுருண்ட இலைக்குள்ளும் பட்டை இடுக்கிலும் ஒதுங்கிக்கொள்கின்றன. இவை அனைத்தையும் தாண்டி மருந்து கொல்வது, வெளிப்படையாக நடமாடும் பொறிவண்டையும் சிலந்தியையும்தான். இங்கே ஒரு சின்ன விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு, பெரிய மாவுப்பூச்சி போலவே தோன்றும். இலையைத் திருப்பி அதைப் பார்த்த எத்தனையோ பேர், ‘இது தாய்ப்பூச்சி போல’ என்று முதலில் நசுக்கியது அதைத்தான். விரலால் தொட்டால் மாவுப்பூச்சி நகரத் தயங்கும். பொறிவண்டுப் புழு விரைந்து ஓடும். இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

உள்ளூரில் இருந்த இரைவிழுங்கிகள் சும்மா இருக்கவில்லை. ஸ்பால்ஜிஸ் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே வாழ்ந்து அதைத் தின்றது. அதன் கூட்டுப்புழு குரங்கு முகம் போல இருப்பதைத் தோட்டங்களில் பலர் வியந்து பார்த்தனர். எனினும் இவை எல்லாம் பூச்சி பெருகி, கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பிறகே வந்து சேர்பவை. குறைந்த எண்ணிக்கையிலேயே தேடிப் பிடிக்கும் ஓர் எதிரி தேவைப்பட்டது.

அந்த எதிரி 2010 ஜூலையில் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. பின்னாளில் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் என்று பெயர் மாறிய ஆய்வகம், மூன்று குளவி இனங்களை வரவழைத்துத் தனிமையில் வைத்துச் சோதித்தது. அவற்றுள் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற இனமே களத்தில் மிகவும் சிறந்து விளங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் கோயம்புத்தூரில் குளவிகள் விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து அதில் குளவியைப் பெருக்கி மாவட்டம்தோறும் அனுப்பியது. சில மாதங்களிலேயே பூச்சி பெரும்பாலான இடங்களில் அடங்கியது. மரவள்ளி விவசாயியின் பார்வையில் அத்தோடு மாவுப்பூச்சி என்ற அத்தியாயம் முடிந்தது. அந்த நினைவே பத்தாண்டுகள் கழித்து இடையூறானது.

இரண்டாவது வருகை

2020இல் மரவள்ளிக் கொழுந்து மறுபடி வெளுத்தபோது, பழைய பூச்சி திரும்பிவிட்டது என்று நினைப்பது இயல்பே. ஆனால் கூர்ந்து பார்த்தவருக்கு மூன்று வேறுபாடுகள் தெரிந்தன. பப்பாளி மாவுப்பூச்சியின் உடல், பொடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மஞ்சள். இதன் உடல் இளஞ்சிவப்பு. அது பல செடிகளில் வாழும். இது பக்கத்துப் பப்பாளியையும் பார்த்தீனியத்தையும் விட்டுவிட்டு மரவள்ளியிலேயே நின்றது. மூன்றாவது வேறுபாடுதான் முக்கியமானது. இந்தப் பூச்சி தாக்கிய செடியின் நுனி, வளர்ச்சி நின்று, கணுவிடை சுருங்கி, சிறு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி முட்டைக்கோசு போலக் கொத்தாகிவிடும். அந்தக் கொத்தை ஒடித்துப் பிரித்தால், உள்ளே மடிப்புக்கு மடிப்பு இளஞ்சிவப்புக் குஞ்சுகள் பொடிக்குள் புதைந்து கிடக்கும். சாறு உறிஞ்சப்படுவதால் மட்டும் இப்படி ஆவதில்லை. பூச்சி உறிஞ்சும்போது செலுத்தும் உமிழ்நீரின் நச்சுத்தன்மையே நுனியை இப்படிக் கோணலாக்குகிறது.

ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி என்பது இதன் பெயர். மரவள்ளி மாவுப்பூச்சி என்பதே தமிழில் நிலைத்திருக்கிறது. இதன் இனப்பெருக்கம் பப்பாளிப் பூச்சியினுடையதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. இந்த இனத்தில் ஆண் தேவையில்லை. ஒவ்வொரு பெண்ணும் கலவி இல்லாமலேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது, பொரிவதெல்லாம் பெண். முட்டையிலிருந்து அடுத்த தாய் உருவாக ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஆகையால் ஒரு கரணைக் கட்டில் ஒரே ஒரு பூச்சி வந்து சேர்ந்தால்கூட ஒரு தோட்டம் முழுவதும் நிறைவதற்குக் கணக்குச் சரியாக இருக்கிறது.

மழைக்காலத்தில் பூச்சி கழுவப்பட்டுக் குறைகிறது. கோடை வெயிலில் பெருகுகிறது. சேலம் வட்டாரத்தில் கோடையில் செடி இளமையாக இருந்தால் சேதம் மிகுதி. சேதம் மூன்று வழிகளில் விவசாயியை அடைகிறது. கொழுந்து நின்றதால் இலைப்பரப்பு குறைந்து, கிழங்கு பருக்க வேண்டிய மாதங்களில் பருக்கவில்லை. மழை பெய்தபின் செடி புதுக் கொழுந்து விடுகிறது; பார்ப்பவர் பயிர் தேறிவிட்டது என்று மகிழ்கிறார்; ஆனால் அந்தப் புதுக் கொழுந்துக்கான சத்து கிழங்கில் சேர்த்துவைத்த மாவிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆலையில் பாயிண்ட் குறைவதற்கு இது ஒரு காரணம். கடைசியாக, கணுவிடை சுருங்கி வளைந்த தண்டு நல்ல கரணை ஆகாது. அடுத்த ஆண்டு நடவுக்கு வெளியிலிருந்து கரணை தேட வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் கரணையோடுதான் பூச்சியும் வருகிறது. தன் பரவலுக்கான தேவையைத் தானே உருவாக்கிக்கொள்ளும் பூச்சி என்று இதைச் சொல்லலாம்.

பெயரில் நேர்ந்த பழைய பிழை

இந்தப் பூச்சி உலகுக்குப் புதியது அன்று. ஆப்பிரிக்காவில் 1973இல் இன்றைய காங்கோ நாடுகளின் பகுதியில் முதலில் தென்பட்டு, மரவள்ளியை அன்றாட உணவாகக் கொண்ட நாடுகளின் வழியே விரைந்து பரவியது. 1977இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கு வந்த பயிர். ஆகவே பூச்சியின் எதிரிகளையும் தென்னமெரிக்காவிலேயே தேட வேண்டும் என்பது சரியான முடிவு. ஆனால் எங்கே தேடுவது?

முதலில் தென்னமெரிக்காவின் வடபகுதியிலும் கரீபியப் பகுதியிலும் தேடினார்கள். அங்கே மரவள்ளியில் இதே போன்ற ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அது வேறு இனம் என்று தெரிந்து, 1981இல் ஃபீனகாக்கஸ் ஹெரேனி என்று தனிப் பெயர் பெற்றது. அதற்கு ஆண் பெண் இரண்டும் உண்டு என்பது இரண்டையும் பிரித்துக் காட்டிய அடையாளங்களுள் ஒன்று. தவறான இனத்தின் எதிரிகளைச் சேகரித்ததில் காலம் கழிந்திருந்தது. அதே 1981இல், கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தைச் சேர்ந்த டோனி பெல்லோட்டி, வெகு தெற்கே பராகுவேயில் உண்மையான பூச்சியைக் கண்டார். அதனோடு கிடைத்த குளவிதான் அனாகைரஸ் லோபெசி.

இலண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு அந்தக் குளவி நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்துக்கு வந்து, 1981 இறுதியில் தோட்டத்தில் விடப்பட்டது. இந்தத் திட்டத்தை நடத்திய சுவிட்சர்லாந்து பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 1988இல் வெளியான ஒரு பொருளாதாரக் கணிப்பு, இந்தத் திட்டத்தில் செலவிட்ட ஒரு பங்குக்கு 149 பங்கு பயன் கிடைத்ததாகச் சொன்னது. இந்த எண்ணை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். பிழையான இனத்தைத் தேடிக் கழித்த ஆண்டுகளின் விலையையும் சேர்த்துக் காட்டினால் அதன் பொருள் இன்னும் தெளிவாகும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆசியாவுக்கு இந்தப் பூச்சி 2008இல் தாய்லாந்து வழியாக வந்தது. உலக மரவள்ளி ஏற்றுமதியில் முதலிடத்தில் இருந்த அந்த நாடு தயங்கவில்லை. ஆப்பிரிக்கத் திட்டம் தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பெனின் நாட்டில் பேணப்பட்ட அதே குளவியை 2009இல் வரவழைத்து, கோடிக்கணக்கில் பெருக்கி விட்டது. கரணையை மருந்துக் கரைசலில் நனைத்து நடும் பழக்கத்தையும் அதோடு பரப்பியது.

குளவியின் வேலை

அனாகைரஸ் லோபெசி ஒன்றரை மில்லிமீட்டரை எட்டாத கரிய சிறு பூச்சி. குளவி என்ற பெயரைக் கேட்டு அது கொட்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை; மனிதரைக் கொட்டும் கொடுக்கு அதற்குக் கிடையாது. பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடி வெளியிடும் மணத்தை மோப்பம் பிடித்து அது வருகிறது. மாவுப்பூச்சி குறைவாக உள்ள தோட்டத்திலும் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் சிறப்பு. பொறிவண்டால் செய்ய முடியாத வேலை இதுதான். உணர்கொம்பால் மாவுப்பூச்சியைத் தட்டிப் பார்த்து, அளவு பொருந்தினால் அதற்குள் ஒரு முட்டையைச் செலுத்துகிறது. சில பூச்சிகளைக் குத்தி, கசியும் நீரைத் தானே குடித்துவிட்டுப் போவதும் உண்டு. அதிலும் பூச்சி சாகிறது. உள்ளே பொரிந்த புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்து தின்று தீர்க்க, வெளித்தோல் இறுகிப் பழுப்பு நிறக் கூடாகிறது. மம்மி என்று பூச்சியியலாளர் சொல்லும் இந்தக் கூட்டின் ஒரு முனையில் வட்டத் துளையிட்டு அடுத்த குளவி வெளியேறுகிறது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 18 நாட்கள். மாவுப்பூச்சிக்கு ஒரு தலைமுறை முடிவதற்குள் குளவிக்குக் கிட்டத்தட்ட இரண்டு தலைமுறைகள்.

முட்டையின் பாலினத்தைத் தாய்க் குளவி முடிவு செய்கிறது. பெரிய மாவுப்பூச்சி கிடைத்தால் பெண் முட்டை, சிறியதில் ஆண் முட்டை. இது பூச்சியியல் வகுப்புக்குரிய நுணுக்கம் போலத் தோன்றினாலும், தோட்டத்து மண்ணோடு நேரடித் தொடர்புடையது. ஆப்பிரிக்காவில் சத்தில்லாத மணல் நிலங்களில், மண்ணை இலைதழையால் போர்த்தும் மூடாக்கும் எருவும் இல்லாத தோட்டங்களில் மட்டும் குளவி எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை. ஆராய்ந்தபோது, வாடிய செடியில் வளர்ந்த மாவுப்பூச்சிகள் சிறுத்திருந்தன. சிறுத்த பூச்சியிலிருந்து ஆண் குளவிகளே அதிகம் வெளிவந்தன. ஆண் குளவி முட்டையிடாது. அங்கே தொழு எருவும் மூடாக்கும் இட்டதால் செடி தேறியது, பூச்சி பெருத்தது, குளவியும் பெண்ணாகப் பிறந்தது. பயிர் நலமும் பூச்சி மேலாண்மையும் தனித்தனி அத்தியாயங்கள் என்று எண்ணுபவருக்கு இதைவிடச் சிறந்த மறுப்பை நான் அறியேன்.

இரண்டு ஆண்டு இடைவெளி

2020இல் பூச்சி இனம் காணப்பட்டபோது, அதற்குரிய குளவி எது, எங்கே கிடைக்கும் என்பவை கையில் இருந்த விடைகள். ஆப்பிரிக்கர்கள் பட்ட சிரமம் நமக்கு இல்லை. பெங்களூர் நிறுவனம் பெனினிலிருந்து குளவியை 2021இல் வரவழைத்தது. தனிமைச் சோதனை முடிந்து, 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் முறையாகக் குளவிகள் விடப்பட்டன. அதன் பிறகு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பெருக்கிப் பகிர, தோட்டங்களில் பழுப்பு மம்மிகள் தென்படத் தொடங்கின, கொழுந்துகள் நிமிர்ந்தன.

இந்த இடைவெளியை அதிகாரிகளின் தாமதம் என்று மட்டும் பேசுவதை நான் ஏற்கவில்லை. வெளிநாட்டு உயிரினம் ஒன்றை நாட்டுக்குள் விடும் முன், அது வேறு பூச்சிகளைத் தாக்குமா, அதோடு வேறு ஒட்டுண்ணி ஒளிந்து வந்திருக்கிறதா என்று பல தலைமுறைகள் வளர்த்துப் பார்த்தே ஆக வேண்டும். இறக்குமதி அனுமதி, தனிமை, சோதனை, விடுவதற்கான அனுமதி என்று அடுத்தடுத்து வரும் இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்கச் சொல்வது, இன்னொரு வேண்டாத பூச்சியை வரவேற்பதற்கு ஒப்பாகும். அந்த ஆண்டுகளில் கொரோனா ஊரடங்கும் குறுக்கே நின்றது.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. குளவிக்காகக் காத்திருந்த அந்த இரண்டு நடவுப் பருவங்களில், காசு செலவில்லாமல் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்று: பாதித்த தோட்டத்துக் கரணையை வேறு ஊருக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. ஆனால் பழக்கம் அதற்கு நேர் எதிராக இருந்தது. கிழங்கைப் பிடுங்கியவர் தண்டை விற்கிறார் அல்லது உறவினருக்குக் கொடுக்கிறார். வாங்குபவர் கட்டைத் தூக்கிப் பார்த்து, தடிமன் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கவனிக்கிறார். கணுவிடுக்கில் வெண்பொடி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இல்லை. தேமல் நோய் இல்லாத கரணை வேண்டும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த அறிவுரையே பின்பற்றப்படாதபோது, இது மட்டும் எப்படிக் காதில் ஏறும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விவசாயிக்குச் சுத்தமான கரணை பக்கத்திலேயே கிடைக்கும்படி செய்யாமல், அழுக்குக் கரணையை வாங்காதே என்று சொல்வதில் பொருளில்லை.

அதே காலத்தில் மருந்துக்கடைகளில் நடந்ததையும் விட்டுவிட முடியாது. ‘குச்சியில வெள்ளப்பூச்சி, என்னண்ணே அடிக்கலாம்?’ என்று கேட்டு வரும் விவசாயிக்கு, எந்தப் பூச்சி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஒரு மருந்து கேட்காவிட்டால் அடுத்தது, அதுவும் கேட்காவிட்டால் இரண்டையும் கலந்து. மரவள்ளியில் மூன்று மாதத்துக்கு மேல் இலைகள் குடைபோல மூடிக்கொள்ளும். கைத்தெளிப்பானால் கொழுந்துக் கொத்தின் உள்மடிப்பை எட்டவே முடியாது. கூலியும் மருந்தும் சேர்ந்த செலவு ஒருபுறம். 2022க்குப் பிறகு அதே மருந்து புதிதாகக் குடியேறிய குளவியைக் கொன்றது மறுபுறம். குளவி விடப்பட்ட தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் மருந்தடித்தால்கூடப் பயன் குறையும், ஏனென்றால் குளவிக்கு வேலி தெரியாது.

இப்போது தோட்டத்தில் செய்ய வேண்டியவை

குளவி நிலைத்துவிட்ட பகுதிகளிலும் கோடையில் பூச்சி அவ்வப்போது தலைதூக்கவே செய்யும். உயிரியல் கட்டுப்பாட்டில் பூச்சி அறவே ஒழிவதில்லை. பூச்சி முற்றாக ஒழிந்தால் குளவியும் பட்டினியில் அழியும். இரண்டும் குறைந்த எண்ணிக்கையில் சேர்ந்து நிலைப்பதே வெற்றி. ஆகவே நான்கைந்து செடிகளில் கொழுந்து கொத்தாகியிருப்பதைக் கண்டவுடன் தெளிப்பானைத் தோளில் மாட்ட வேண்டியதில்லை. வலுவான நீர்ப்பீச்சலால் கழுவலாம். எறும்புப் புற்றுகளைக் கலைக்கலாம். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்துக் குளவியை விரட்டும் என்பதால், எறும்பை ஒதுக்குவது குளவிக்குச் செய்யும் நேரடி உதவி. நடவின்போது கரணையைப் பரிந்துரைக்கப்பட்ட மருந்துக் கரைசலில் நனைப்பது, செடி முளைத்த பிறகு அடிப்பதைவிட எவ்வளவோ மேல். அப்போது தோட்டத்தில் குளவி இருக்காது, மருந்தும் கரணையோடு நின்றுவிடும்.

ஒரே ஓர் அறிவுரையை மட்டும் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020, 2021 ஆண்டுகளில், பாதித்த நுனிகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள் என்றார்கள். குளவி இல்லாத காலத்தில் அது சரியான வழி. இன்றும் பலர் அதையே செய்கிறார்கள். நுனியைக் கிள்ளி எரிக்கும் முன் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பாக அசைந்தால் எரிக்கலாம். பழுப்பாக, உப்பலாக, அசையாமல் ஒட்டியிருக்கும் கூடுகள் தென்பட்டால், அந்த நுனியைக் கிள்ளாமல் செடியிலேயே விட வேண்டும். கிள்ளிவிட்டிருந்தால், பூச்சி மிகுந்த வரிசையின் நிழலில் ஒரு கூடையில் போட்டு வைத்தால் போதும். இரண்டு வாரத்துக்குள் அந்தக் கூடுகள் ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவில் வட்டத்துளை தெரியும்.